வான்கோழியோடு தூத்துக்குடிக்கு

விசில் அடிக்கும்போதெல்லாம் பதில் சொல்லும் பயணியோடு அதுவரை நான் பேருந்தில் போனதில்லை. கண்டக்டர் ஒரு விசில் கொடுப்பார். உடனே என் காலடியில் இருந்த மூங்கில் கூடைக்குள்ளிருந்து களகளவென்று ஒரு முழக்கம் கிளம்பும். பேருந்தே திரும்பிப் பார்க்கும். நான் அந்தக் கூடை யாருடையதோ என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வேன்.

திருநெல்வேலி தாண்டியதும் கண்டக்டர் பொறுக்க முடியாமல் என் இருக்கைக்கே வந்துவிட்டார்.

"எக்கா, உள்ள என்ன வச்சிருக்கிய?"

"வான்கோழிங்க."

"நான் விசில் அடிச்சா அதுக்கு ஏன் கோவம் வருது?"

"கோவமெல்லாம் இல்லைங்க. யாரு சத்தம் போட்டாலும் அதுக்குப் பதில் சொல்லியாகோணும்."

"அப்பிடி ஒரு ஆளு எங்க வீட்டுலயும் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு நிறுத்தமே இல்லாத இடத்திலெல்லாம் விசில் அடித்தார். பின் இருக்கையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஸ்டெல்லா. அவளும் நானும் உடுமலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவளுடைய அப்பா லியோன் அங்கிள் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். வாழ்க்கையில் பாதி கிறிஸ்துமஸ்களை நடுக்கடலில் கழித்தவர். கப்பலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முழு வான்கோழியை ஓவனில் சுட்டு, பல தேசத்து மாலுமிகளுக்குப் பரிமாறியிருக்கிறார். ஆனால் சொந்த வீட்டில் ஒருவரும் அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. லீவில் வந்தால் ஸ்டெல்லாவின் அம்மா ஜெசிந்தா ஆன்டி அவரை அடுப்புப் பக்கமே விடமாட்டார். "லீவுல வந்த மனுசன் இங்கனயும் கரண்டி பிடிக்கணுமாக்கும்" என்று விரட்டிவிடுவாராம்.

இந்த வருடத்தோடு அங்கிள் கப்பலை விட்டு இறங்கிவிட்டார். இறங்கிய நாளிலிருந்து டிவி முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் அதைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. யாரும் பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அப்படி இருந்தவர் திடீரென்று ஒருநாள், கிறிஸ்துமஸ் மத்தியானம் ஆன்டியின் வீட்டார், தெருக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு வான்கோழி சுட்டுப் போடப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பா ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒண்ணு வேணும்னு கேட்டிருக்காரு. இது சொதப்பிருச்சுன்னா மறுபடி அந்த நாற்காலில போயி உக்காந்துருவாரு. அப்புறம் எழுப்ப முடியாது" என்றாள் ஸ்டெல்லா. அதைச் சொல்லும்போது அவள் குரல் சரியாக இல்லை. என் அண்ணன் தோட்டத்தில் வான்கோழி வளர்க்கிறார். இருப்பதிலேயே பெரிய சேவலாகப் பார்த்துக் கூடையில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊர் நெருங்கியபோது சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். எங்கள் ஊரில் தென்னை நிற்கிற அளவுக்கு இங்கே உப்பு நிற்கிறது. மழைக்காலம் என்பதால் பாத்திகளில் ஆள் நடமாட்டம் இல்லை. குன்று குன்றாகக் குவித்த உப்பின்மேல் ஓலை வேய்ந்திருந்தார்கள். காற்று ஓலையை விலக்கிய இடங்களில் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஒரு பாக்கெட் உப்பை வைத்து மாதத்தை ஓட்டுகிற நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை உப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்பைப் பற்றி என்ன பயம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் வீடு. வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம் தொங்கியது. லியோன் அங்கிள் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். என்னை "வா மக்கா" என்று கூப்பிடுவதற்கு முன்பே கூடையைத் திறந்து சேவலின் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டார்.

"எத்தன வான்கோழி சுட்டுருப்பேன் தெரியுமா? எல்லாம் கல்லு மாதிரி ஐஸ்ல உறைஞ்சு வந்ததுதாம். உசுரோட இப்பத்தாம் மக்கா பாக்கேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த வியப்பை எங்கள் அண்ணன் பார்த்திருந்தால் பறவையை இனாமாகவே தினமும் அனுப்பியிருப்பார்.

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. அடிவயிற்றில் அதிர்கிற சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எங்கள் சேவலோ கழுத்தை நீட்டி, முழு மூச்சோடு அந்தக் கப்பலுக்குப் பதில் சொன்னது. அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். சத்தம் கேட்டு ஜெசிந்தா ஆன்டி குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தார். சமையலறையை அங்கே குசினி என்றுதான் சொல்கிறார்கள்.

"இவரு சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் கேட்கும்படி, "கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் குசினி ஒங்களுக்குத்தாம். நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்" என்று அங்கிளிடம் அறிவித்தார்.

"எட்டிப் பாக்காம இருந்துட்டா பாப்போம்" என்றார் ஆன்டியின் தம்பி சூசை. கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுப்பது அவர் தொழில். அகன்ற தோள், குறைந்த பேச்சு, அந்தக் குறைந்த பேச்சிலும் பாதி கிண்டல். "எங்க அத்தான் கப்பல்ல டப்பாவத் தெறந்து சூடு பண்ணித்தாம் பேரு வாங்குனாருன்னு எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு. இந்தத் தடவ உண்மை வெளிய வந்துரும்."

மத்தியானம் சீலா மீன் குழம்பு. எங்கள் ஊரில் அணையில் பிடித்த மீன் வந்தாலே பெருமையாகச் சொல்லி வாங்குவோம். இங்கே ஆன்டி, "நேத்து பிடிச்ச மீனு மக்கா, கோவிச்சுக்காத" என்று மன்னிப்புக் கேட்டுப் பரிமாறினார். நான் மூன்றாம் முறை சோறு வாங்கியபோது மன்னிப்புக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் சூசை அண்ணன் கத்தியோடு பின்கட்டுக்குப் போனார். வளர்த்த வீட்டுக்காரி நான், அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஸ்டெல்லாவோடு கடற்கரைக்கு நடந்துவிட்டேன். திரும்பி வரும்போது மறுபடி ஒரு கப்பல் சங்கு ஊதியது. யாரும் பதில் சொல்லவில்லை. சாப்பிடத்தான் கொண்டுவந்தேன், இருந்தாலும் காலிக் கூடை கிடந்த பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அங்கிள் பறவைக்கு ஒரு கைப்பிடி உப்பும் மிளகும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தார். தோல் நன்றாகக் காய்ந்தால்தான் சுடும்போது மொறுமொறுப்பாகும் என்றார். தட்டுகளையெல்லாம் கழற்றிய பிறகும் கதவு முழுதாக மூடவில்லை. தோணியில் கட்டுகிற கயிற்றை எடுத்துவந்து ஃபிரிட்ஜையே சுற்றிக் கட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலையில் காபிக்காகக் குசினிக்குள் நுழைந்தேன். அங்கிள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார். கயிறு கீழே கிடந்தது. உள்ளே வான்கோழி இல்லை.

அது பின்கட்டில், மீனுக்கு உப்புப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. கல் உப்புக் குவியலுக்கு வெளியே இரண்டு கால் எலும்பு மட்டும் தெரிந்தது. வயிற்றுக்குள் உப்பு, இறக்கைக்கு அடியில் உப்பு. தொடையை மீனைக் கீறுவதுபோல ஆழமாகக் கீறி, அதற்குள்ளும் உப்பு.

"கதவு மூடல" என்றார் ஆன்டி. முகம் வெளுத்திருந்தது. "ராத்திரி கரண்டும் போயிட்டு. அவ்வளவு பெரிய உருப்படிக்குத் துளி உப்பு போட்டு வச்சிருக்கிய. விடியக் கெட்டு நாறிருமேன்னு பயந்துட்டேன். நல்லது செய்யுதேன்னுதாம் செஞ்சேன்."

அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பார். கெட்டுப்போகப் பார்க்கிற எதையும் உப்புக்குள் தள்ளிக் காப்பாற்றித்தான் அவர்களுக்குப் பழக்கம். அப்போது உள்ளே வந்த சூசை அண்ணன், "என்னக்கா, வான்கோழிக் கருவாடா?" என்று ஆரம்பித்தார். அங்கிள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அங்கிள் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முன்னறைக்குப் போனார். டிவி முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியைப் போடவும் இல்லை. ஸ்டெல்லா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நட்சத்திரம் காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஊருக்கே போய்விடலாம் போல இருந்தது.

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆன்டி தனியாக உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அங்கிளுக்கும் கேட்டிருக்க வேண்டும். எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

"ஏளா ஜெசி, கருவாட்டுல உப்ப எப்பிடி எறக்குவ?"

"அரிசி கழுவுன தண்ணில ஊறப் போடுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"மீனுன்னா தெரியும். இது என்ன மீனா? எனக்கெப்பிடித் தெரியும்?" என்று ஆன்டி அழுகையோடே கோபப்பட்டார்.

"எனக்கு வான்கோழி தெரியும். ஒனக்கு உப்பு தெரியும். ரெண்டு பேருமாப் பாப்போம், வா."

அன்று நான் பார்த்ததை எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரு வீட்டு அரிசித் தண்ணீர் எங்கே போதும்? ஸ்டெல்லாவும் நானும் ஆளுக்கொரு வாளியோடு தெருவில் இறங்கினோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எல்லா வீட்டிலும் பலகாரத்துக்கும் சோற்றுக்கும் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்கள். விஷயம் எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. வாசலில் கால் வைக்கும் முன்பே, "லியோன் அண்ணன் வான்கோழிக்கா? இந்தா" என்று பானை பானையாக ஊற்றினார்கள். "வச்சிருக்கேன், அடுத்த தடவையும் வாங்க" என்றார்கள். ஒரு வீட்டில் வாளியோடு என் கையில் முந்திரிக்கொத்தும் திணித்தார்கள். முன்பின் தெரியாத என்னை அந்தத் தெரு அரைமணி நேரத்தில் சொந்தக்காரி ஆக்கிவிட்டது. நெஞ்சு நிறைந்துபோனது.

தொட்டி சூடாகாமல் இருக்க ஐஸ் வேண்டும். சூசை அண்ணன் பைக்கில் மீன்பிடித் துறைமுகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். தூரத்தில் பெரிய துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தில் கழுத்தை நீட்டி நின்றன. அதற்கு அப்பால் ஒரு கப்பல். நான் கட்டிடம் என்று நினைத்தேன். அது மெதுவாக நகர்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"நீங்க முத்து எடுத்திருக்கீங்களாண்ணா?"

"முத்துக்குளிப்பெல்லாம் எங்க தாத்தா காலத்தோட சரி. இப்ப சங்குதாம்."

"கடலுக்கடியில என்னங்க தெரியும்?"

"கலங்கிக் கெடந்தா ஒண்ணும் தெரியாது. கைதாம் பாக்கும்."

ஐஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் பைக் ஒரு குழியில் விழுந்து எழுந்ததில் பாதி ஐஸ் சாலைக்குப் போயிற்று. மீதியில் பாதி என் புடவைக்கு.

மத்தியானம் அங்கிளின் கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. ஏதோ ஒரு கடலில் இருந்து பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர். அங்கிளிடம் உதவியாளராக இருந்தவராம். ஆங்கிலத்தில் பேசினார்: "சீஃப், இந்த வருடம் நான் தனியாகச் செய்கிறேன். நெஞ்சுக்கறி காய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" பின்னாலிருந்து நாலைந்து முகங்கள் எட்டிப் பார்த்து, "சீஃப்! சீஃப்! நீங்கள் இல்லாமல் கிறிஸ்துமஸே இல்லை!" என்று கத்தின. அங்கிள் வெண்ணெய், துணி, சூடு என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். தன் பறவை அரிசித் தண்ணீரில் மிதப்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் அம்மாவின் காதில் தமிழில் சொன்னாள். ஆன்டி வாயில் கை வைத்துக்கொண்டார். "இத்தன பேரு இவரத் தேடுதாங்களா?" என்றார். பிறகு போய்த் தொட்டித் தண்ணீரை மறுபடி மாற்றினார். அதற்கப்புறம் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அங்கிள் கழுத்துக்கறியில் ஒரு துணுக்கை வெட்டி வறுத்து எங்களுக்குக் கொடுத்தார். உப்பு சரியாகிவிட்டது போல இருந்தது. ஆன்டி மட்டும் வாயில் வைக்க மறுத்துவிட்டார்.

"நான் கெடுத்தத நானே ருசி பாக்கவா? நாளைக்கு எல்லாரோடயும் மேசைலதாம் திம்பேன். இன்னும் ஒரு தண்ணி மாத்திருவோம்."

நள்ளிரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும் கிறிஸ்துமஸ் காலை. அங்கிள் பறவையைத் துடைத்துத் தயார் செய்துகொண்டிருந்தார். தொடையில் ஆன்டி போட்ட கீறல்களில் அங்கிள் பூண்டும் வெண்ணெயும் திணித்தார். "கீறுனதும் நல்லதாப் போச்சு, உள்ள வரைக்கும் எறங்கும்" என்றார், ஆன்டிக்குக் கேட்கிற மாதிரி. வெண்ணெயில் ஒரு கல் உப்பு சேர்க்கக் கை போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டார். யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை.

வீட்டு அடுப்பில் அடங்காத பறவை என்பதால் பக்கத்துத் தெரு பேக்கரி அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருந்தார். விறகில் எரியும் செங்கல் அடுப்பு, உள்ளே ஆள் படுக்கலாம் போல ஒரு குகை. ராத்திரி முழுக்கக் கேக் வெந்து, கடைசித் தட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. ஊரே கேக்கும் மக்ரூனும் வாங்கிப் போய்விட்ட பிறகு, அடுப்பில் நெருப்பு இல்லை, சூடு மட்டும் இருந்தது. அண்ணாச்சி கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அங்கிளும் நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"இந்த அடுப்புல இதுவரைக்கும் கறி போனதில்ல" என்றார் அண்ணாச்சி. "உங்க பெருநாளுக்காவ போகட்டும்."

வெண்ணெயில் நனைத்த வெள்ளை வேட்டித் துணியைப் போர்த்தி, பறவை உள்ளே போயிற்று. நாங்கள் மாவு மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தோம். கப்பலில் முதல் துண்டு கேப்டனுக்குப் போகும் என்று அங்கிள் சொன்னார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி தின்பாராம். கப்பல் ஆடுவதால் உட்காரத் தோன்றாது என்றார். பேச்சுக்கு நடுவில் எழுந்து எழுந்து போய், வழிந்த நெய்யைக் கரண்டியால் அள்ளித் துணிமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். டிவி முன்னால் கிடந்த மனிதர் இவர்தானா என்று நினைத்தேன்.

கடைசியில் துணியை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுத்தார்கள்.  தேன் நிறத்தில் தோல் பளபளத்தது. அங்கங்கே கொப்புளம் வெடித்து நெய் பொரிந்தது. பேருந்தில் என் மானத்தை வாங்கிய சேவலா இது? கோயில் வாசலில் நிற்கிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத் தோன்றியது. அண்ணாச்சி கையிலிருந்த துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எய்யா!" என்றார். 

அதை ஏற்றிய ஆட்டோ தெருமுனையில் உயிரை விட்டது. சூசை அண்ணன் தலையில் சும்மாடு கட்டி, தட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். புது உடுப்போடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். வாசனை எங்களுக்கு முன்னால் போயிற்று. பாதித் தெரு பின்னால் வந்தது.

வீட்டு முன்னால் சாமியானா போட்டு மேசைகளை வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு பறவை அத்தனை பேருக்கும் காணாது என்று பெரிய சட்டியில் பிரியாணியும் தயாராக இருந்தது. ஆனால் ஆளுக்கொரு துண்டு கட்டாயம் உண்டு என்பது அங்கிளின் வைராக்கியம். அவர் கத்தியைத் தீட்டினார்.  நெஞ்சிலிருந்து முதல் துண்டை மெல்லிசாக அறுத்துத் தட்டில் வைத்தார். ஆன்டியின் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டிப் போய், ஜெசிந்தா ஆன்டி முன்னால் வைத்தார்.

ஆன்டி சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தார். மென்றார். தெரு முழுக்க அவர் வாயைப் பார்த்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்டி நிதானமாக விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு கம்மி."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் சூசை அண்ணன் வெடித்தார். பிறகு மேசை, பிறகு தெரு. அங்கிள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இரு ஜெசி, எடுத்துட்டு வாரேன்" என்று குசினிப் பக்கம் திரும்பினார்.

ஆன்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உப்பு எங்கயும் ஓடிராது. அறுத்துக் குடுக்க என் தம்பி இருக்கான். கப்பல்ல நின்னுக்கிட்டுத் தின்னது போதும், இங்கன ஒக்காருங்க."

நாற்காலி போதாமல் வீட்டிலிருந்ததையெல்லாம் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆன்டி பக்கத்தில் கிடந்தது அந்த டிவி நாற்காலி. அங்கிள் அதில் உட்கார்ந்தார். ஆன்டி தன் துண்டில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

"ருசி நல்லாத்தாம் இருக்கு" என்றார், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "அடுத்த வருசமும் நீங்கதாம் சமைக்கிய. உப்பு மட்டும் நான் போடுவேன்."